எண்ணூர் லாரியும் மலையேறும் வீடும்

மலையும் மணலும் ஆற்றுப் படுகையும் தடையாகாதபடி செல்லவல்ல ஒரு லாரி. அதன் முதுகின்மேல் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மின்சாரம் முதலிய வசதிகளுடன் கூடிய ஒரு சிறு வீடு. அவ்வீட்டிலேயே வாரக் கணக்காகவும் மாதக் கணக்காகவும் வசித்துக்கொண்டு தேசாந்தரம் செல்லும் மனிதர். இத்தகைய யாத்திரை வண்டிகளை ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் அதற்கென்றே ஏற்பட்ட தொழிற்சாலைகள் கட்டி விற்கின்றன. தனவந்தர்களின் விளையாட்டுப் பொருளுக்கு இப்பக்கத்தில் என்ன வேலை என்று நமது நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், இவ்வண்டிக்கு வேண்டிய அங்கங்களில் பெரும்பாலானவையும், அவற்றைச் சேர்ப்பதற்கு வேண்டிய கைத்திறன் முழுவதும், ராயபுரத்திற்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட கடற்கரைப் பிரதேசத்தில் சிதறிக் கிடக்கின்றன என்பதையும், அவற்றை ஒன்று சேர்ப்பார் இல்லை என்பதையும் நாம் கண்கூடாகக் காண்கிறோம். ஒரு தொழில் நம் வாசலிலே பிறக்கக் காத்திருக்கும்போது அதைப் பற்றிப் பேசாதிருப்பது பத்திரிகை தர்மமாகாது.

எண்ணூரின் கதை சுதந்திரத்தின் கதையோடு பிணைந்தது. பஞ்சாபைச் சேர்ந்த தேசபக்தர் ரகுநந்தன் சரண் என்பார், நேருவின் தூண்டுதலின் பேரில், 1948 செப்டம்பரில் அசோக் மோட்டார்ஸ் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். அசோக் என்பது அவருடைய குமாரரின் பெயர். முதலில் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டினார்கள். இங்கிலாந்தின் லேலண்டு கம்பெனியோடு 1950-இல் உடன்படிக்கை ஏற்பட்டு, லாரிச் சேஸிகள் பூட்டும் வேலை தொடங்கியது. 1955-இல் ஸ்தாபனத்தின் பெயர் அசோக் லேலண்டு ஆயிற்று. பிறகு வந்த வரலாறு நேயர்கள் அறிந்ததே. அந்த ஸ்தாபனம் வகுத்த ஸ்டாலியன் என்னும் லாரி, நான்கு சக்கரங்களும் இழுக்கும் சக்தி வாய்ந்தது. அதன் உறுப்புகள் ஜபல்பூரிலுள்ள ராணுவ வாகனத் தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டு அங்கே பூட்டப்பட்டன. நமது ராணுவத்தில் இவை அறுபதாயிரத்துக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. லடாக்கில் நமது ஜவான்களுக்கு அரிசியும் எண்ணெயும் எடுத்துச் செல்பவை இவைதாம்.

திருவொற்றியூரையும் சொல்லவேண்டும். எல்லையைக் காவல் செய்வதற்காக 1952-இல் இந்திய ராணுவம் 350 சி.சி. புல்லட் மோட்டார் சைக்கிள்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதன் பயனாக 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனி, ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டுடன் கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைத்தது. தாய்த் தொழிற்சாலை இங்கிலாந்தில் மூடப்பட்டுவிட்டது. குழந்தையோ திருவொற்றியூரில் வளர்ந்து இன்று உலகமெங்கும் செல்கிறது. ராணுவத்துக்கென்று வந்த அவ்வண்டியின் மீது ஏறிக்கொண்டு இன்று ஆயிரக்கணக்கான சாதாரண வாலிபர்கள் லடாக்குக்கும் ஸ்பிதிக்கும் போய் வருகிறார்கள். அதே ராணுவத்துக்கு அடுத்த ஊரிலிருந்து போன லாரி மட்டும் ராணுவத்தோடு நின்றுவிட்டது. திருவொற்றியூர் சாதித்ததை எண்ணூர் ஏன் சாதிக்கவில்லை? இதுவே நாம் இங்கு ஆராயப் புகுந்த விஷயம்.

லாரியையே வீடாகக் கொண்டு தேசம் தேசமாகச் செல்லும் வழக்கம் உலகத்துக்குப் புதிதன்று. பிரான்ஸ் தேசத்து சித்ரோவன் கம்பெனியார் 1931-இல் ஜார்ஜ் மரீ ஆர்ட் என்பவரின் தலைமையில், பின்புறம் சங்கிலிப் பட்டையில் ஓடும் வண்டிகளை பெய்ரூட்டிலிருந்து பீகிங் நோக்கி அனுப்பினார்கள். ஸ்ரீநகரிலிருந்து கில்கிட் செல்லும் மலைப்பாதை இடிந்துகிடந்த இடங்களில் அவ்வண்டிகளை அக்கக்காகக் கழற்றி, கூலியாட்களின் முதுகில் ஏற்றிக் கடத்தினார்கள். எந்த வண்டியும் அதைச் சுமக்கும் மனிதரை நம்பியே இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஹன்ஸெல்கா, ஸிக்முண்டு என்ற இரு செக்கோஸ்லோவேகிய யாத்திரிகர்களுடையது. 1959 முதல் 1964 வரை அவர்கள் டாட்ரா 805 என்ற சிறு ராணுவ லாரிகள் இரண்டை, வசிப்பதற்கும் எழுதுவதற்கும் ஏற்றபடி திருத்திக்கொண்டு ஆசியா முழுவதும் சுற்றினார்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து போனார்கள். ஒரு சிறு தேசம் தன் லாரியின் தரத்தை உலகறியச் செய்ததற்கு அந்த இரண்டு வண்டிகளும் எத்தனை விளம்பரங்களைவிடப் பெரிய உதவி செய்திருக்கும் என்பதை வியாபாரிகள் யோசித்துப் பார்க்கட்டும்.

நிற்க. நம்மவர்களுக்கு இவ்வழக்கம் அறவே தெரியாது என்று எண்ணுவது பிசகு. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரிகளை அறியாதார் யார்? துளைபோடும் யந்திரத்தைத் தாங்கிய ஒரு லாரி. குழாய்களையும் டீசலையும் அரிசி மூட்டையையும் பாய் தலையணையையும் சுமந்து அதன் பின்னே செல்லும் இன்னொரு லாரி. அவற்றையே ஊராகக் கொண்ட ஆட்கள். சாலை என்று பெயர் சொல்ல முடியாத கரட்டு வழிகளில் ஏறி இறங்கி, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் மட்டுமின்றி ஆப்பிரிக்கா வரையிலும் அவர்கள் செல்கிறார்கள். அயல்நாட்டில் இதற்கு அழகான பெயர் சூட்டிப் படம் பிடிப்பார்கள். நம் நாட்டில் அதற்குப் பெயர் பிழைப்பு.

எண்ணூர் நெடுஞ்சாலையில், துறைமுக வாயிலுக்குள் நுழைய முறைக்குக் காத்துப் பெட்டகலாரிகள் வரிசையாக நிற்பதை வடசென்னைவாசிகள் பல ஆண்டுகளாகக் கண்டிருக்கிறார்கள். அந்த வரிசையில் சக்கரத்தின் நிழலில் அடுப்பு மூட்டிச் சோறு வடிக்கும் டிரைவரும், ஆசனத்துக்குப் பின்னாலுள்ள ஒரு முழப் பலகையில் முடங்கித் தூங்கும் கிளீனரும் லாரியில் வாழும் வித்தையில் எவருக்கும் பின்வாங்காதவர்கள். புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளின் டிரைவர் அறையில் குளிர்சாதனம் இருந்தே தீரவேண்டும் என்று மத்திய சர்க்கார் விதித்திருப்பது நல்ல காரியம். ஆனால் குளிர்ந்த அறை வேறு, நிம்மதியாகப் படுத்துறங்க இடம் வேறு. யாத்திரை வண்டிக்காக ஒரு பட்டறை கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு பாடமும், அதாவது சிறு இடத்தில் படுக்கை அமைப்பதும், வெப்பம் உள்ளே புகாமல் தடுப்பதும், தண்ணீரைச் சேமிப்பதும், நாளைக்கு இந்த மனிதனுடைய பலகைக்கும் உதவும். இத்தொழில் தனவந்தரோடு முடிந்துவிடுவதன்று என்று நாம் சொல்வதற்கு இது முதற்காரணம்.

இனி வேலையின் நுட்பத்துக்கு வருவோம். லாரியின் மேல் வீடு கட்டுவதில் என்ன பிரமாதம், நாமக்கல்லிலும் கரூரிலும் தினந்தோறும் பாடி கட்டவில்லையா என்று கேட்பாருண்டு. தார்ச் சாலையில் ஓடும் பஸ்ஸுக்கும் பாதையில்லாத இடத்தில் ஓடும் வீட்டுக்கும் உள்ள வேற்றுமை சேஸியில் இருக்கிறது. லாரியின் சேஸி என்பது இரண்டு நீண்ட எஃகுச் சட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்த ஏணி. ஒரு முன்சக்கரம் ஓரடி உயரமுள்ள கல்லின்மேல் ஏறும்போது, அந்த ஏணி முறுக்கிக் கொடுக்கிறது. முறுக்கிக் கொடுப்பதால்தான் மற்ற மூன்று சக்கரங்களும் தரையை விடாமல் பற்றி நிற்கின்றன. நம் வீட்டுக் கயிற்றுக் கட்டிலின் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தால் இது விளங்கும். மற்ற மூன்று கால்களும் தரையிலேயே நிற்கும். அந்தக் கட்டிலின்மேல் ஒரு கனத்த மரப்பெட்டியை வைத்து நான்கு மூலைகளிலும் ஆணி அறைந்துவிட்டு மறுபடியும் காலைத் தூக்கினால் என்னவாகும்? பெட்டியின் மூட்டுகள் விடும். அல்லது கட்டிலின் சட்டம் பிளக்கும். லாரிமேல் நேரே போல்ட்டுப் போட்டு இறுக்கிய வீடுகளுக்கு மலைப்பாதையில் நேர்வது இதுவே. முதலில் ஜன்னலின் மூலையில் மயிரிழை போன்ற வெடிப்புக் காணும். பிறகு கதவு சாத்தாது. அதற்குப்பின் மழை உள்ளே வரும்.

இதற்குப் பரிகாரம் நம் பாட்டிமாருக்குத் தெரிந்த முக்காலிதான். நாற்காலி மேடுபள்ளத்தில் ஆடும், முக்காலி ஆடாது. வீட்டின் பின்புறத்தை இரண்டு சட்டங்களின்மேலும் ஒவ்வோரிடத்தில் தாங்கவைத்து, முன்புறத்தை மட்டும் நடுவில் ஒரே ஒரு சுழல்மூட்டின்மேல் நிறுத்தினால், சேஸி எப்படி முறுக்கினாலும் வீடு தன்பாட்டில் நேராக நிற்கும். முன்னும் பின்னும் நடுவில் ஒவ்வொரு சுழல்மூட்டும், இடையில் இருபுறமும் ஒவ்வொரு தாங்கியுமாக வைரத்தின் வடிவில் நான்கு முனைகளில் நிறுத்துவதும் உண்டு. ஜெர்மனியின் உனிமாக் லாரிகளில் ஏறும் வீடுகள் பெரும்பாலும் இவ்வகைகளிலேயே நிறுத்தப்படுகின்றன. மூன்றாவது ஒரு முறையும் இருக்கிறது. வீட்டுக்கு அடியில் தனிச் சட்டம் ஒன்றை அமைத்து, அதைச் சேஸியின்மேல் படியவைத்து, கெட்டியான சுருள்வில்களால் பிடித்துவிடுவது. சேஸி முறுக்கும்போது வில் சற்று நெகிழ்ந்து இடம் கொடுத்து, பிறகு பழையபடி அமர்ந்துவிடும். பாரம் ஓரிடத்தில் குவியாமல் சட்டத்தின் நீளம் முழுவதும் பரவுவதால், நமது லாரிகளின் மெலிந்து நீண்ட சேஸிகளுக்கு இம்முறையே பொருந்தும் என்பது நமது எண்ணம். எந்த முறையானாலும், சேஸிச் சட்டத்தின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் துளைபோடுவதோ வெல்டு வைப்பதோ கூடவே கூடாது. அங்கேதான் எஃகு மிகுதியான விசையைத் தாங்குகிறது. ஒரு துளை போதும், ஒரு வருஷத்தில் சட்டம் விரிய.

டிரைவர் அறையிலிருந்து வீட்டுக்குள் நேரே நுழைய வழி வேண்டுமென்று ஆசைப்படுவோர் உண்டு. இரண்டும் தனித்தனியே அசைவதால், இடையில் ரயில் பெட்டிகளுக்கு நடுவே இருப்பதுபோன்ற மடிப்புக் கூண்டு ஒன்றை வைத்தாக வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்களுக்காக ஜெர்மனி போகவேண்டுமா? பெரம்பூரிலே 1955 அக்டோபரில் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும், அதற்குச் சிறு சாமான்கள் செய்து கொடுக்கும் பட்டறைக்காரர்களும் சுற்றிலும் இருக்கிறார்கள்.

சுவருக்குக் காசிமேடு இருக்கிறது. தகரத்தால் வீடு கட்டினால் பகலில் அடுப்பு, இரவில் பனிக்கட்டி. ஆகவே மேனாட்டார் கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்து வார்த்த இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே நுரைப்பலகையை ஒட்டிச் சுவர் செய்கிறார்கள். உள்தகட்டையும் வெளித்தகட்டையும் இணைக்கும் இரும்பு எதுவும் குறுக்கே ஓடலாகாது. ஓடினால் அவ்வழியே குளிர் உள்ளே இறங்கி, விடியற்காலையில் சுவர் வியர்க்கும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றிக் கட்டுமரத்துக்குப் பதிலாகக் கண்ணாடி நார்ப் படகு வந்த காலந்தொட்டு, இந்தப் பிசின் வேலையில் கைதேர்ந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அலை அடித்து அடித்து முறுக்கும் படகை வெடிக்காமல் செய்யத் தெரிந்தவனுக்கு, பாறையில் ஏறி இறங்கும் பெட்டியைச் செய்வது புது வித்தையாகாது. அவனிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பாரத்தின் கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் தண்ணீர், பத்து நாள் பிரயாணம் என்று வைத்துக்கொண்டால் 400 லிட்டர். அதாவது 400 கிலோ. இதைக் கூரையின்மேலோ பின்கோடியிலோ வைத்தால் சரிவான பாதையில் வண்டி கவிழ்வதற்கு நாமே வழிசெய்தவர்களாவோம். தண்ணீர்த் தொட்டியும் பாட்டரிகளும் டீசலும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே, எவ்வளவு தாழ வைக்கலாமோ அவ்வளவு தாழ இருக்கவேண்டும். பின்புறம் இரட்டைச் சக்கரங்கள் மாட்டும் நம் நாட்டு வழக்கமும் இங்கே உதவாது. இரண்டுக்கும் நடுவே கல் சிக்கி ரப்பரைக் கிழித்துவிடும். அகலமான ஒற்றைச் சக்கரம் மாட்டி, மணலில் இறங்கும்போது காற்றைக் குறைத்துக்கொள்வதே முறை.

ஹிமாலயத்தின் விஷயம் தனி. 17,500 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ பாதி. இஞ்சின் மூச்சுத் திணறும். தண்ணீர் 83 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடுமாதலால் திறந்த பானையில் அரிசி வேகாது. கடுங்குளிரில் சாதாரண டீசல் மெழுகாக உறைந்துவிடும். இதற்காகவே இந்தியன் ஆயில் கார்ப்பொரேஷன் 2019 நவம்பரில் பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை லடாக்குக்கு அளித்தது. நம் வீட்டுச் சமையல் வாயுவில் கலந்துள்ள பூட்டேன் உறைநிலைக் குளிரிலேயே ஆவியாக மறுத்துவிடும். ஆதலால் டீசலில் எரியும் அடுப்பும் கணப்பும் உத்தமம். கணப்பின் புகைபோக்கி வெளியே திறக்கவேண்டும். அதற்கு வேண்டிய காற்றும் வெளியிலிருந்தே வரவேண்டும். குளிருக்கு அஞ்சி ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளே கரி மூட்டித் தூங்கியவர்கள் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாசனையற்ற விஷவாயுவால் மறுநாள் விழிக்காமற்போனதை வருஷந்தோறும் குளிர்காலத்தில் பத்திரிகைகளில் படிக்கிறோம். அந்த வாயுவைக் கண்டால் ஒலிக்கும் சிறு மணி ஒன்றை, மற்றெல்லாச் சாமான்களுக்கும் முன்னதாக வாங்கி மாட்டவேண்டும்.

இவ்வளவும் இருந்தும் தொழில் ஏன் முளைக்கவில்லை? முக்கியமான தடை சட்டத்தில் இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி எவரும் தம் வண்டியை மாற்றியமைக்கக் கூடாதென்று விதிக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 9-1-2019 அன்று சுப்ரீம் கோர்ட்டு இவ்விதியை உறுதிப்படுத்தி, அதற்கு மாறாக ஹைக்கோர்ட்டு அளித்த தீர்ப்பை மாற்றியது. அத்தீர்ப்பை நாம் குறை கூறவில்லை. கண்டபடி வெட்டி ஒட்டிய வண்டிகளால் சாலையில் மாண்டவர்களை நினைத்தால் அது அவசியமான கண்டிப்பே. ஆனால் ஒருமுறை பதிவான வண்டியை மாற்றுவது வேறு. புதிய சேஸியின்மேல் பதிவுக்கு முன்னரே முறைப்படி வீடு கட்டுவது வேறு. இரண்டாவதற்குச் சட்டம் கதவை அடைக்கவில்லை. சொந்த உபயோகத்துக்கான முகாம் வண்டியை வாடகை வண்டிகளில் சேராத ஒரு தனி இனமாக மத்திய சர்க்கார் 2004 நவம்பர் அறிவிக்கையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறது. மோட்டார் காரவான்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதியும் இருக்கிறது.

கதவு திறந்திருக்கிறது, ஆனால் வாசற்படி பனைமர உயரம். மாதிரி வண்டியைச் சோதனைக்குக் கொடுத்து அங்கீகாரம் பெறும் முறை, ஒரே அச்சில் ஆயிரக்கணக்காக வார்க்கும் பெரிய கம்பெனிகளை மனத்தில் வைத்து ஏற்பட்டது. வருஷத்துக்கு ஐந்து வண்டி, அதுவும் ஒன்றைப்போல் ஒன்று இராமல் கட்டும் திருவொற்றியூர்ப் பட்டறைக்காரன் அந்தச் செலவையும் காலத்தையும் எங்ஙனம் தாங்குவான்? பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஒரே ஒரு வண்டியை மட்டும் எஞ்சினீயர் நேரில் சோதித்து அனுமதி வழங்கும் தனிமுறை இருக்கிறது. பிரேக்கு, பாரம், விளக்கு, மின்கம்பி, வாயுக்குழாய், அவசரத்தில் வெளியேறும் வழி ஆகியவற்றைப் பார்த்து, சரியென்றால் சீட்டு. இல்லையென்றால் திருத்திக்கொண்டு வா என்று சொல்லிவிடுகிறார்கள். பத்திரமும் கெடுவதில்லை, கைத்தொழிலும் சாவதில்லை.

கேரள சர்க்கார் 2021-இல் காரவான் யாத்திரைக்கென்றே ஒரு கொள்கை வகுத்து, அடுத்த வருஷம் வாகமண்ணில் வண்டிகள் தங்கும் பூங்காவும் திறக்க வழி செய்தது. அதற்கென முதலில் காட்டப்பட்ட பாரத்பென்ஸ் வண்டியின் சேஸி நம்முடைய ஓரகடத்தில் தயாரானது! அவை தார்ச் சாலையில் செல்லும் வண்டிகளே. பாதையற்ற இடத்துக்கு ஏற்றவையல்ல. ஆயினும் சேஸி நம்முடையதாயிருக்க, யோசனை மட்டும் மலைக்கு அப்பாலிருந்து வந்ததைக் கண்டு நாம் சிறிது வெட்கப்படுவதில் தவறில்லை.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதை யாரும் மறந்திரார். இரண்டாவது முறை, மிக்ஜாம் புயலின்போது, மணலிப் பக்கத்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி, மீனவர்களின் வலையும் படகும் வீடும் கறுத்துப்போயின. மார்பளவு தண்ணீர் நின்ற தெருக்களில் காரும் ஆம்புலன்ஸும் நின்றுவிட, சக்கரம் உயர்ந்த கனரக வண்டிகளும் படகுகளும்தாம் புகுந்து சென்றன. அத்தகைய வண்டி ஒன்றில் குடிதண்ணீரும், அடுப்பும், மின்சாரமும், ஒரு டாக்டரும் இரண்டு படுக்கைகளும் இருந்திருந்தால் மணலியிலும் திருவொற்றியூரிலும் எத்தனை கர்ப்ப ஸ்திரீகளுக்கும் முதியோருக்கும் உதவியிருக்கும்? மலையேறும் வீட்டுக்கும் வெள்ளத்தில் இறங்கும் ஆஸ்பத்திரிக்கும் அடியில் இருப்பது ஒரே சேஸி; ஒரே முக்காலி; ஒரே தண்ணீர்த் தொட்டி. உள்ளே உள்ள மேஜையும் கட்டிலும் மட்டுமே வேறு.

ஆகையால் சர்க்காருக்கு நாம் தெரிவித்துக்கொள்வது இது. சென்னை மாநகராட்சியும் பேரிடர் நிர்வாக இலாகாவும் சேர்ந்து, நான்கு சக்கரமும் இழுக்கும் சேஸிகள் சிலவற்றை எண்ணூர் ஸ்தாபனத்தாரிடம் வாங்கி, அவற்றின்மேல் வைத்திய வண்டியும் சமையல் வண்டியும் கட்டும் வேலையை வடசென்னைப் பட்டறைகளுக்கே டெண்டர் மூலம் கொடுக்கட்டும். காசிமேட்டுப் படகுத் தொழிலாளியும் பெரம்பூர்ப் பெட்டி வேலைக்காரனும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்து பழகுவதற்கு அது முதல் சந்தர்ப்பமாகும். மத்திய போக்குவரத்து இலாகாவுக்கும் ஒரு வார்த்தை. ஒற்றை வண்டிக்கு அனுமதி வழங்கும் முறையை ஏற்படுத்துவதற்குப் பார்லிமெண்டில் புதிய சட்டம் கொண்டுவர வேண்டிய அவசியம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. விதிகளில் ஓர் அத்தியாயம் சேர்த்தால் போதும் என்பது நமது அபிப்பிராயம். சோதிப்பதற்கு வேண்டிய யந்திரங்களும் எஞ்சினீயர்களும் ஓரகடத்திலுள்ள மோட்டார் ஆராய்ச்சி நிலையத்தில் ஏற்கெனவே இருக்கிறார்கள். திருவொற்றியூரிலிருந்து காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.